ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்: நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு கல்வி

நம் குடும்பத்தில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் முதலில் எழும் கேள்வி, "டாக்டர் யார்?" என்பதுதான். எத்தனை வருட அனுபவம், எங்கே படித்தவர், கைராசிக்காரரா என்றெல்லாம் விசாரிக்கிறோம். அந்த டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் யார், அவருக்கு என்ன பயிற்சி என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் தியேட்டரின் கதவு மூடியபின், நம் தாயோ பிள்ளையோ மயக்கத்தில் கிடக்கும்போது, அவர்களுடைய பாதுகாப்பைக் கவனித்துக்கொண்டே இருப்பது அந்த நர்ஸின் கடமை.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையில் பரவி வாழும் நம் மக்களுக்கு இது தொலைவில் உள்ள விஷயம் அல்ல. துறைமுகத்திலும் லேத் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்ப்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நர்சிங் படிக்கலாமா என்று யோசிக்கும் பெண் பிள்ளைகளும் அதே வீடுகளில் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி

வடசென்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஸ்டான்லிதான். நம் பெரியவர்கள் இதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்லிப் பழகியவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தோடு சேர்ந்து வளர்ந்ததால் அந்தப் பெயர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஃபிரெட்ரிக் ஸ்டான்லியின் பெயரைப் பெற்ற அது, 1938-ல் முழு மருத்துவக் கல்லூரியானது. பிரசவத்திற்கு ராயபுரத்தில் உள்ள ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி. இந்த இரண்டின் வாசலையும் மிதிக்காத குடும்பம் நம் பகுதியில் குறைவு.

ஸ்டான்லிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கை அறுவை சிகிச்சைக்கென்றே அங்கு தனி நிலையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி தொடங்கி வளர்த்த துறை அது. பிரஸ் மெஷினில் விரல் நசுங்கியவர், கன்வேயர் பெல்ட்டில் கை சிக்கியவர், கப்பிக் கயிறு அறுத்துச் சென்றவர் எல்லோரும் வந்து சேரும் இடம். 2018 பிப்ரவரியில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறப்பட்ட இரு கைகளும் இங்கேதான் பொருத்தப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ், ஏழைகள் வரும் அரசு மருத்துவமனையில் நடந்த சாதனை அது.

அப்படிப்பட்ட சிகிச்சை பல மணி நேரம் நடக்கும். எலும்பைப் பொருத்துபவர், ரத்தக் குழாயைத் தைப்பவர், நரம்பை இணைப்பவர் என்று டாக்டர்கள் மாறி மாறி வருவார்கள். எந்த நேரத்தில் எந்தக் கருவி, எந்த நூல், எத்தனை ஊசி உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்ற கணக்கு மட்டும் ஒரு நிமிடமும் அறுந்துவிடக் கூடாது. அந்தக் கணக்கு நர்ஸ்களின் கையில் இருக்கிறது.

தியேட்டருக்குள் இரண்டு நர்ஸ்கள்

ஒரு அறுவை சிகிச்சைக்குப் பொதுவாக இரண்டு வகை நர்ஸ்கள் தேவை. ஒருவர் 'ஸ்க்ரப் நர்ஸ்'. முழங்கை வரை கிருமிநாசினியால் கை கழுவி, கிருமி நீக்கப்பட்ட கவுனும் கையுறையும் அணிந்து, டாக்டரின் மேசையோடு நிற்பவர். கருவிகள் அடுக்கிய ட்ராலி அவர் பொறுப்பு. இன்னொருவர் 'சர்க்குலேட்டிங் நர்ஸ்'. அவர் கிருமி நீக்கிய வட்டத்துக்கு வெளியே நடமாடுவார். நோயாளி சரியான ஆள்தானா, கையெழுத்து வாங்கப்பட்டதா, ரத்தம் தயாராக இருக்கிறதா, உடலைப் படுக்க வைத்த விதத்தில் எந்த நரம்பாவது அழுந்துகிறதா என்று பார்ப்பதும், பஞ்சு, ஊசி எண்ணிக்கையைப் பலகையில் எழுதுவதும் அவர் வேலை.

'கத்தரி கேட்டால் கத்தரி கொடுப்பது' என்று வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. அந்த எண்ணம் மாற வேண்டும். தேர்ந்த ஸ்க்ரப் நர்ஸ் டாக்டர் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. அறுவை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து அடுத்த கருவியைக் கையில் தயாராக வைத்திருப்பார். நுண் அறுவை சிகிச்சையில் இது இன்னும் கடினம். விரலின் ரத்தக் குழாயைத் தைக்கும் நூல் நம் தலைமுடியைவிட மெல்லியது. டாக்டரின் கண் மைக்ராஸ்கோப்பில் இருக்கும். அதை எடுத்தால் பார்வை மாறி, தையல் தவறிவிடும். எனவே அவர் கண்ணை எடுக்காமலே கையை நீட்டுவார். நர்ஸ் சரியான கருவியை, சரியான திசையில், திருப்பிப் பிடிக்க வேண்டிய தேவையில்லாமல், அந்தக் கையில் வைக்க வேண்டும்.

கை அறுவை சிகிச்சையில் ரத்தம் வழியாமல் இருக்க மேல்கையில் 'டூர்னிக்கே' என்ற காற்றுப்பட்டையை இறுக்குவார்கள். அது அதிக நேரம் இருந்தால் தசையும் நரம்பும் பாதிக்கப்படும். சுமார் 2 மணி நேரத்தை எல்லையாக வைக்கிறார்கள். வேலையில் மூழ்கிய டாக்டருக்கு நேரம் போவது தெரியாது. "டூர்னிக்கே ஒரு மணி நேரம் ஆயிற்று", "ஒன்றரை மணி ஆயிற்று" என்று உரக்கச் சொல்வது நர்ஸின் கடமைகளில் ஒன்று. நோயாளியின் தோலில் தடவும் ஸ்பிரிட் கலந்த மருந்து முழுதாக உலரும்முன் மின்கத்தியைப் பயன்படுத்தினால் தீப்பற்றக்கூடும். உலர்ந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வதும் அவர்களே.

எண்ணிக்கை தவறினால்

இந்தக் கவனம் ஏன் என்பதற்கு நம் நாட்டின் நீதிமன்றப் பதிவிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1963 ஜூலையில் மகாராஷ்டிராவின் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. சில நாட்களில் அங்கேயே அவருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் காய்ச்சலும் வலியும் தொடர்ந்தன. வயிற்றை மீண்டும் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு துவாலை விடப்பட்டிருந்தது. அதே மாதம் அந்தத் தாய் இறந்துபோனார். அவருடைய குடும்பம் நீதிமன்றப் படியேறியது. கீழ் நீதிமன்றத்தில் வென்று, உயர்நீதிமன்றத்தில் தோற்று, கடைசியில் 1996-ல்தான் உச்சநீதிமன்றம் அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 33 ஆண்டுகள்!

வயிற்றை மூடும்முன் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று இருவர் சேர்ந்து உரக்க எண்ணியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணம் அது. இன்று முறையாகப் பயிற்சி பெற்ற தியேட்டர் நர்ஸ்கள் அறுவை தொடங்கும்முன் ஒருமுறை, உள்ளறையை மூடும்முன் ஒருமுறை, தோலைத் தைக்கும்முன் ஒருமுறை என்று மாப், ஊசி, கருவி எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் தையல் நிற்க வேண்டும். தேட வேண்டும். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகவே அறுவை சிகிச்சைக்கான மாப்களில் தனி இழை வைத்துத் தைக்கப்பட்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மொத்தம் 19 அம்சங்கள், மூன்று கட்டங்கள். மயக்கம் கொடுக்கும்முன் ஒருமுறை, கத்தி வைக்கும்முன் ஒருமுறை, நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும்முன் ஒருமுறை எல்லோரும் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டெல்லி, அம்மான், மணிலா, லண்டன் உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைப் பரிசோதித்தார்கள். 2009-ல் வெளியான முடிவின்படி, நோயாளிகளின் இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தன. புதிய மருந்தும் இல்லை, புதிய இயந்திரமும் இல்லை. ஒரு தாளும், அதைக் கூச்சமில்லாமல் உரக்கப் படிக்கப் பழகிய மனிதர்களும்தான்.

பெரியவரிடம் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் பயிற்சி

இங்கேதான் மேல்நிலைப் பயிற்சியின் கடினமான பாடம் வருகிறது. முப்பது ஆண்டு அனுபவமுள்ள சர்ஜன் தைக்கத் தொடங்கிவிட்டார். நேற்று வேலைக்குச் சேர்ந்த நர்ஸின் கணக்கில் ஒரு மாப் குறைகிறது. "சார், நிறுத்துங்கள், ஒன்று குறைகிறது" என்று அவர் சொல்ல வேண்டும். சொல்வாரா? "எல்லாம் சரியாக இருக்கும், மறுபடி எண்ணு" என்று அதட்டினால் அடங்கிப் போவாரா, நின்று பேசுவாரா? ஒரு நோயாளியின் உயிர் இந்த இடத்தில் தொங்குகிறது.

நமக்கு இது புதிய பாடம் அல்ல. ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டு ரக்அத்திலேயே முடித்து ஸலாம் கொடுத்துவிட்டார்கள். ஜமாஅத்தில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் இருந்தார்கள். மரியாதையின் காரணமாக அவர்கள் பேசத் தயங்கினார்கள். துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒரு தோழர் எழுந்து, தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். நபி (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை. மற்றவர்களிடம் கேட்டு உறுதிசெய்து, விடுபட்டதைத் தொழுது, மறதிக்கான ஸஜ்தாவும் செய்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள சம்பவம் இது.

அதனால்தான் இன்றும் எவ்வளவு பெரிய ஆலிம் இமாமாக நின்றாலும், ரக்அத் தவறினால் பின்னால் நிற்கும் சாதாரண மனிதர் 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்லி உணர்த்துகிறார். பின் வரிசையில் உள்ள பெண்கள் கையைத் தட்டி உணர்த்தலாம். இதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. தொழுகை சரியாக நிறைவேற வேண்டும் என்பதே எல்லோருக்கும் முக்கியம். தியேட்டரில் இமாமின் இடத்தில் சர்ஜன் இருக்கிறார். பின்னால் இருந்து உணர்த்தும் பொறுப்பு நர்ஸுக்கு இருக்கிறது. நல்ல சர்ஜன்கள் இதை விரும்பி வரவேற்கிறார்கள். வரவேற்காதவர்கள் இருக்கும் இடத்திலும் பேசுவதற்கு நர்ஸுக்குப் பயிற்சி வேண்டும். எந்தச் சொல்லில், எந்தக் குரலில், எத்தனை முறை, அதற்கும் கேட்காவிட்டால் யாரிடம் என்பதெல்லாம் கற்றுக் கொடுக்க வேண்டியவை.

எப்படிக் கற்பிக்கிறார்கள்?

நம் நாட்டில் நர்சிங் கல்வியின் பாதை இப்படி இருக்கிறது. ஜி.என்.எம். டிப்ளமோ 3 ஆண்டுகள், அல்லது பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள். முடித்ததும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிவு. இந்தப் படிப்பில் ஆபரேஷன் தியேட்டருக்கும் சில வாரங்கள் உண்டு. ஆனால் அந்தச் சில வாரங்கள் தியேட்டரை அறிமுகம் செய்யவே போதும். அதற்கு மேல் கற்க விரும்புவோருக்காக இந்திய நர்சிங் கவுன்சில் 'போஸ்ட் பேசிக் டிப்ளமோ' படிப்புகளை வகுத்திருக்கிறது. ஆபரேஷன் ரூம் நர்சிங் அவற்றுள் ஒன்று. பதிவு பெற்ற நர்ஸாக, வேலை அனுபவத்தோடு வருபவர்களுக்கான ஓராண்டுப் படிப்பு. கிருமி நீக்கம், மயக்க மருந்தின்போது உதவி, ஒவ்வொரு துறையின் கருவிகள், அவசர நிலைகள், தியேட்டர் நிர்வாகம் எல்லாம் அதில் அடங்கும்.

கற்பிக்கும் முறையும் மாறியிருக்கிறது. 'ஒருமுறை பார், அடுத்தமுறை செய்' என்பது பழைய வழக்கம். அதில் முதல் தவறு நோயாளியின் உடம்பில்தான் நடக்கும். இப்போது நான்கு படிகளாகக் கற்பிக்கும் முறை பரவலாக உள்ளது. முதலில் ஆசிரியர் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுகிறார். இரண்டாவது, ஒவ்வொரு அசைவையும் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்கிறார். மூன்றாவது, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்கிறார். நான்காவதில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்கிறார். பொம்மை உடலில் இது பலமுறை நடந்தபின்தான் நோயாளியின் அருகில் செல்ல முடியும்.

அவசர நிலைகளுக்கு ஒத்திகை வைக்கிறார்கள். நோயாளியின் இதயம் நின்றுவிட்டது, ரத்தம் பீறிடுகிறது, மின்சாரம் போய்விட்டது, திரைத்துணியில் தீப்பிடித்தது என்று ஒரு நிலையை உருவாக்கி, யார் என்ன செய்தார்கள் என்று பார்க்கிறார்கள். முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, குற்றம் சாட்டாமல், எங்கே தாமதம் ஆனது என்று பேசுகிறார்கள். அரிதாக வரும் ஆபத்துக்குக் கை பழக வேண்டுமானால் ஒத்திகை ஒன்றே வழி.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த முறை பழக்கமானதாகத் தோன்றும். ஹிஃப்ள் வகுப்பில் உஸ்தாத் ஓதிக் காட்டுகிறார். மாணவர் திருப்பி ஓதுகிறார். மறுநாள் பாடம் ஒப்பித்தபின்தான் புதிய பாடம். பழைய பாடமும் விடாமல் ஓதப்பட வேண்டும். கடைசியில் கிடைக்கும் இஜாஸாவுக்கு, 'இவர் கற்றதற்கு நான் பொறுப்பு' என்று ஆசிரியர் தம் பெயரை வைத்துச் சொல்வதாகப் பொருள். தியேட்டர் பயிற்சியிலும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. இந்த அறுவை சிகிச்சைக்கு இத்தனை முறை உதவியாக நின்றார், இத்தனை முறை தனியாக ஸ்க்ரப் செய்தார் என்று எழுதி மூத்த நர்ஸ் கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்து அமானிதம். பார்க்காமல் போட்டால் அதற்கு உயிர் ஒன்று விலையாகலாம்.

நடைமுறைச் சிக்கல்களையும் சொல்ல வேண்டும். நோயாளிகள் குவியும் இடத்தில் மூத்த நர்ஸுக்குக் கற்பிக்க நேரம் கிடைப்பதில்லை. தியேட்டரில் பழகி வரும்போதே வார்டுக்கு மாற்றப்படுபவர்கள் உண்டு. சிறிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் பதிவு பெறாதவர்களே கருவி எடுத்துக் கொடுக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும்முன், "தியேட்டரில் பதிவு பெற்ற நர்ஸ் இருப்பாரா? பாதுகாப்புப் பட்டியல் பின்பற்றுகிறீர்களா?" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

நம் பெண் பிள்ளைகள் ஏன் தயங்குகிறார்கள்?

நம் வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ அழைத்துச் சென்றால், "பெண் டாக்டர் இருக்கிறாரா? பெண் நர்ஸ் இருக்கிறாரா?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். மார்க்கச் சட்டமும் பெண்ணுக்குப் பெண் சிகிச்சை அளிப்பதையே முதலில் வைக்கிறது. ஆனால் அந்தப் பெண் நர்ஸ் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. நம் வீட்டுப் பிள்ளை நர்சிங் படிக்கக் கேட்டால் மட்டும் "நைட் டியூட்டி, ஆண்கள் இருப்பார்கள், கல்யாணத்துக்குக் கஷ்டம்" என்று மறுத்துவிடுகிறோம்.

இஸ்லாமிய வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுன் நபவியில் கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோருக்கு அங்கே சிகிச்சை அளித்தவர் ருஃபைதா (ரலி). உம்மு அதிய்யா (ரலி) ஏழு போர்களில் உடன் சென்று காயம்பட்டவர்களைக் கவனித்தவர். ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்து, காயமுற்றோரை மதீனாவுக்குக் கொண்டு சேர்த்தவர்களில் ஒருவர். பின்னாளில் அந்தலூசியாவில் வாழ்ந்த அபுல் காஸிம் ஸஹ்ராவி தம் மருத்துவக் களஞ்சியத்தின் கடைசிப் பகுதியில் சுமார் 200 அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். இன்றைய ட்ராலியில் கிடக்கும் கருவிகளுக்கு நம் முன்னோரோடும் உறவு உண்டு.

மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா, அதாவது சமூகத்தில் போதிய பேர் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளியாகும் கடமை என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், ஃபிக்ஹு படிக்க எல்லோரும் முண்டியடிக்கிறார்கள், மருத்துவத்துக்கு முஸ்லிம்களில் ஆள் இல்லை என்று வருந்தியிருக்கிறார்கள். மதரஸாவில் ஓதிய நம்மைப் போன்றவர்களை நோக்கிச் சொல்லப்பட்ட வார்த்தைகள் அவை.

உடை பற்றிய தயக்கத்துக்கும் விளக்கம் தேவை. ஸ்க்ரப் நர்ஸின் முன்கை வெளியே தெரிவது கை கழுவும் அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. அதன்பின் மணிக்கட்டு வரை மூடும் கவுன், அதன்மேல் கையுறை, முகத்தில் மாஸ்க், தலைமுடியை முழுதும் மறைக்கும் தொப்பி. காதும் கழுத்தும் மறையும் தலைக்கவசத் துணியும் தியேட்டர்களில் கிடைக்கிறது. வெளியில் இருந்து அணிந்து வரும் ஹிஜாபை உள்ளே அனுமதிக்காததற்குக் காரணம் கிருமி. எல்லோருடைய வெளி உடைக்கும் அதே விதிதான்.

அறுவை நீண்டு தொழுகை நேரம் கடக்கும் நிலை வந்தால்? தொழுதுகொண்டிருப்பவர் கூட, ஒருவர் நீரில் மூழ்குவதைக் கண்டால் தொழுகையை முறித்துக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறது நம் ஃபிக்ஹு. திறந்த வயிற்றோடு இருக்கும் நோயாளியை விட்டுவிட்டு வர மார்க்கம் சொல்லவில்லை. ஜம்உ செய்வதா, களா செய்வதா என்ற விவரங்களில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு. தம் பகுதி ஆலிமிடம் நிலைமையை விளக்கிக் கேட்டுக்கொள்ளலாம்.

இரவு நேரப் பயணம், விடுதி வசதி பற்றிய கவலைகள் உண்மையானவை. அவற்றுக்கு வழி தேடுவது குடும்பத்தின், ஜமாஅத்தின் பொறுப்பு. படிப்பைத் தடுப்பது அதற்குத் தீர்வாகாது. ஆண் பிள்ளைகளுக்கும் நர்சிங்கில் இடம் உண்டு என்பதையும் நினைவில் கொள்வோம்.

நாம் செய்யக்கூடியவை

முதலில், ஏமாறாமல் இருப்போம். 'நர்சிங்' என்ற பெயரில் சில மாதச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு முளைக்கின்றன. கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி என்பது தனிப் பட்டப்படிப்பு. அதுவும் நல்ல படிப்புதான். ஆனால் நர்சிங் வேறு, அது வேறு என்று தெரிந்து சேர வேண்டும்.

இரண்டாவது, ஏற்கெனவே நர்ஸாக இருக்கும் நம் சகோதரிகளை மேலே படிக்க வைப்போம். ஓராண்டுப் படிப்புக்காகச் சம்பளத்தை விடுவது பலருக்கு முடியாத காரியம். தகுதியுள்ளவர்களுக்கு ஜகாத்திலிருந்தும், மற்றவர்களுக்கு ஸதகா, கடன் உதவி மூலமும் மஹல்லா ஜமாஅத்துகள் கைகொடுக்கலாம். ஒரு வலீமாவின் ஒரு பந்திச் செலவு ஒரு நர்ஸின் ஓராண்டுக் கட்டணத்துக்கு உதவும்.

மூன்றாவது, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு முதலுதவி. வேலையிடத்தில் விரலோ கையோ துண்டானால், ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பாலிதீன் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ்கட்டி நேரடியாகப் பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும். நசுங்கியிருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். பொருந்துமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். மயக்க மருந்து தேவைப்படும் என்பதால் காயமடைந்தவருக்கு டீ, சாப்பாடு கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். விரலுக்குச் சற்று கூடுதல் நேரம் கிடைக்கும். குளிர்ச்சியாக வைத்தால் 12 மணி நேரத்துக்கு மேலும் தாங்கலாம். தசை அதிகமுள்ள கைப்பகுதிக்குக் குளிர்ச்சி இல்லாமல் 6 மணி நேரம்தான் எல்லை. எண்ணூரில் நடந்த விபத்துக்கு ஸ்டான்லி தூரமில்லை. கண்டெய்னர் லாரிகளின் நெரிசலில் போகும் நேரத்தைக் கணக்கிட்டு உடனே கிளம்ப வேண்டும்.

நான்காவது, தியேட்டருக்குப் போகும்போது பெயர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன், மருந்து ஒவ்வாமை உண்டா என்று நர்ஸ்கள் மூன்று, நான்கு முறை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். "இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று நினைக்க வேண்டாம். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கத்தான் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். கேட்காத இடத்தில்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது குர்ஆன் நமக்குக் கற்றுத் தந்த பாடம். அந்தப் பணியில் நம் மஹல்லாவின் பெண்களும் ஆண்களும், வெறும் ஆர்வத்தோடு நிற்காமல் முறையான கல்வியோடும் கைத்தேர்ச்சியோடும் பங்குபெற வேண்டும். இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கும் உங்கள் பிள்ளையிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், நாளை யாரோ ஒரு தாயின் அறுவை மேசைக்கு அருகில், எண்ணிக்கை குறைகிறது என்று துணிந்து சொல்பவராக அந்தப் பிள்ளை நிற்கலாம்.